இரண்டு லிஃப்டர்களில் ஒருவன்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. என்னை அவர்கள் வேலைக்கு எடுத்தது அரம் பிடிக்கத் தெரியும் என்பதற்காக அல்ல. வாலிபாலில் இடது மூலையிலிருந்து பந்தை அடிக்கத் தெரியும் என்பதற்காக. மூன்று மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு மைதானத்துக்குப் போக எங்களுக்கு அனுமதி உண்டு. மற்ற தொழிலாளிகள் எங்களைப் பார்த்து "பந்து உத்தியோகம் கிளம்பிடுச்சு" என்பார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவேன்.

வாலிபால் பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பந்தை முதல் ஆள் வாங்குகிறான். இரண்டாவது ஆள் அதை நெட்டுக்குப் பக்கத்தில் தூக்கிக் கொடுக்கிறான். மூன்றாவது ஆள் எகிறி அடிக்கிறான். அந்த இரண்டாவது ஆளைத்தான் நாங்கள் லிஃப்டர் என்போம். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் என்பதெல்லாம் ஒரு கண் சிமிட்டலில் அவன் முடிவு செய்தாக வேண்டும். ஆட்டம் அவன் கையில்தான் இருக்கிறது. கைதட்டல் அடிப்பவனுக்குப் போகிறது. நான் அடிப்பவன், அதனால் இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் லிஃப்டர் வேறு வேலை கிடைத்து ஊரை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஓர் ஆள் வேண்டும். ஸ்டோர்ஸில் ஹெல்ப்பர் வேலை, ஆறு மாதத்தில் நிரந்தரம். எங்கள் டீமின் செயலாளர் கம்பெனியில் அதிகாரி, கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், மரியாதையாகப் பேசுவார். என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதற்கு முன் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

"இன்னைக்கு யார் நல்லா ஆடறாங்கன்னு எனக்கே தெரியுமுங்க," என்றார். "ரெண்டு வருஷம் கழிச்சு யார் நல்லா ஆடுவாங்கன்னு நீங்க சொல்லோணும். அதுக்குத்தான் உங்களக் கேக்கறேன்."

எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. கேள்வி பிடித்திருந்தது. ஆட்டத்தைப் பற்றி அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. எழுத்தில் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேர்வு வைத்தோம். பத்துப் பேருக்கு மேல் வந்தார்கள். முதல் அரை மணியிலேயே இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள் என்று தெரிந்துவிட்டது. இருவருக்கும் இருபது வயது இருக்கும்.

ஒருவன் மதுராந்தகத்துக்காரன். அப்பாவுக்கு நெல் மண்டி. பள்ளிக்கூடத்தில் முறையாகக் கற்றுக்கொண்ட கை. பந்து அவன் விரல்களில் படும்போது சத்தமே வராது. மேலே போகும், நெட்டுக்கு மேலே மூன்று ஆள் உயரம், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கும். பத்துப் பந்து கொடுத்தால் பத்தும் அப்படித்தான். வெளுத்த வெள்ளை நிக்கர், புது ஷூ. சுற்றி நின்றவர்கள் அவன் தொட்ட ஒவ்வொரு பந்துக்கும் தலையாட்டினார்கள்.

இன்னொருவன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வந்தவன். அண்ணனோடு கட்டுமரத்தில் போகிறவன். வெறுங்காலோடு ஆடினான். அவன் கொடுத்த பந்து தாழ்வாக, வேகமாக வந்தது. வரும் திசையை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. எதிர்ப்பக்கம் தடுக்க நின்றவர்கள் அவன் தோளைப் பார்த்து ஒரு பக்கம் ஓட, பந்து இன்னொரு பக்கம் போயிருக்கும். ஆனால் முதல் செட்டில் அவன் பந்தெல்லாம் அடிப்பவனுக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்தது. இரண்டாவது செட்டில் ஒரு முழம் தாண்டிப் போய் விழுந்தது.

"தூரமே தெரியலீங்களே," என்றார் செயலாளர்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு நோட்டில் கோர்ட்டைக் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு பந்தும் எங்கே இறங்கியது என்று பென்சிலால் புள்ளி வைப்பேன். டீமில் எல்லோரும் இதைக் கிண்டல் செய்வார்கள், மார்கழிக் கோலத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் நோட்டைக் கொடுக்கச் சொல்வார்கள். அன்று மாலை புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஏதோ உறுத்தியது. தூரம் தெரியாதவனின் புள்ளிகள் நாலா பக்கமும் சிதறியிருக்க வேண்டும். இவனுடையவை சிதறவில்லை. முதல் செட்டில் எல்லாம் ஒரே அளவு குறை. இரண்டாவது செட்டில் எல்லாம் ஒரே அளவு கூடுதல். இடையில் நடந்த ஒரே விஷயம், இரண்டு பக்கமும் இடம் மாறிக்கொண்டது.

கண்ணால் பார்த்துவிட்டு அவன் நல்லவன், இவன் மோசம் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என்ன காரணம் என்று பார்க்காமல் ஒரு வரி எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி மாமல்லபுரத்தில் இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன்.

மணி நாலு இருக்கும். கடல் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. சவுக்குத் தோப்புக்கும் படகுகளுக்கும் நடுவில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, கிழிந்த மீன்வலையைக் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போய் வந்து, மீனை விற்று, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகுதான் அவர்கள் ஆட வருவார்கள். அந்த நேரத்தில் தினமும் இந்தக் காற்று இருக்கும். ஒரு கம்பு கடல் பக்கம், ஒரு கம்பு தோப்புப் பக்கம். ஒரு அணி வடக்கைப் பார்க்கும், இன்னொரு அணி தெற்கைப் பார்க்கும். காற்று வலையின் நீளத்துக்கு வீசும்.

பத்து நிமிடம் பார்த்தேன். அவன் பந்து ஒன்றுகூடத் தவறவில்லை. அவனைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் போடறியா?"

"இல்ல சார். இந்தாண்ட நின்னா காத்தே இட்டுகினு பூடும், கம்மியா தள்னா போதும். அந்தாண்ட நின்னா காத்துக்கு எதுக்கப் போடணும். கொஞ்சம் ஜாஸ்தியா தள்ளுவேன்."

"செங்கல்பட்டு கிரவுண்டுல காத்து ஏதுப்பா?"

அவன் கடலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "ஆமா இல்ல? வடக்கப் பாத்து நின்னா சோத்தாங்கை பக்கம் கடலுன்னு கை நெனச்சிகிச்சு சார்."

செங்கல்பட்டு மைதானமும் அதே மாதிரி வடக்கு தெற்காகப் போட்ட கோர்ட்தான். கடலே இல்லாத இடத்தில் அவன் கடலுக்குக் கணக்குப் போட்டிருக்கிறான். அவன் பந்து தாழ்வாக வருவதும் அதனால்தான். உயரப் போட்டால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். இது தவறே இல்லை. காற்றில்லாத மைதானத்தில் பதினைந்து நாள் ஆடினால் சரியாகிவிடும். அதன் பிறகு அந்த மாதிரி ஒரு லிஃப்டர் ஜில்லாவிலேயே இருக்க மாட்டான். கண்டுபிடித்த மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றிப் படகின் மேல் போட்டுவிட்டு, நானும் இரண்டு பந்து அடிக்கிறேன் என்று இறங்கினேன்.

இறங்காமல் இருந்திருக்கலாம். முதல் பந்து வந்தபோது நான் இன்னும் தரையில் இருந்தேன். அது என் கையைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவது பந்துக்கு முன்கூட்டியே எகிறினேன், இறங்கும்போது அது வந்தது. மணல்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். அவர்கள் பக்கத்து ஒல்லிப் பையன் ஒருவன் அதே மணலில், அதே பந்தை, எழுந்த வேகம் தெரியாமல் அடித்துவிட்டுப் போனான். மூன்றாவது பந்தை நான் வலையில் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த சார் என்று அடக்கிக்கொண்டார்கள். சிரித்திருந்தால் பரவாயில்லை.

நாலாவது பந்தை அவன் உயரத் தூக்கினான். காற்று அதைத் தோப்புப் பக்கம் கொண்டுபோனது. அவனே ஓடிப்போய் எடுத்து வந்து, "மன்னிச்சுக்க சார், ஒனக்குக் கொஞ்சம் டயம் குடுக்கலாம்னு பாத்தேன்," என்றான். மூன்றே பந்தில் என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவன் தெரிந்துகொண்டுவிட்டான். எங்கள் டீமில் யாருக்கும் அது அதுவரை தெரியாது. எனக்கே நான் முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை.

என் முழங்காலில் ஒரு வருடமாக நீர் கோத்துக்கொண்டிருந்தது. உயரமாக வரும் பந்தென்றால் பார்க்கலாம், நிதானமாக மூன்று அடி வைக்கலாம், எகிறலாம். மைதானத்தில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. தாழ்வாக வரும் பந்துக்கு அந்த அவகாசம் கிடையாது. இந்தக் குப்பத்துக்காரன் எங்களுக்கு லிஃப்டராக வந்தால் மூன்று மாதத்தில் இடது மூலைக்கு வேறு ஓர் ஆளைத் தேடுவார்கள். நான் முழு நேரமும் மெஷின் ஷாப்பில் நிற்க வேண்டியதுதான். மதுராந்தகத்துக்காரன் வந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மதுராந்தகத்துக்காரனின் ஆட்டம் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது, இனி வளராது. முதல் ஆள் பந்தைக் கோணலாக வாங்கினால் அவன் அதன் பின்னால் ஓடியதே இல்லை, கையை விரித்துக் காட்டிவிட்டு நின்றுகொண்டான். அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை, கற்றுக்கொள்ள அவனுக்கு ஆசையும் இல்லை. குப்பத்துக்காரன் மூன்று பந்துக்குள் தன் ஆட்டத்தை ஒரு புது ஆளுக்காக மாற்றிக்கொள்ளத் தெரிந்தவன். இரண்டு வருடம் கழித்து யார் என்ற கேள்விக்குப் பதில் இதைவிடச் சுலபமாக இருக்க முடியாது.

திங்கட்கிழமை செயலாளரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தேன். மதுராந்தகத்துக்காரனைப் பற்றி, 'இப்போதே குறையில்லாத கை, இன்னும் வளர்வார்' என்று எழுதியிருந்தேன். குப்பத்துக்காரனைப் பற்றி, 'தூரக் கணிப்பு சீராக இல்லை, மணலில் ஆடிப் படிந்த பழக்கம், திருத்துவது கடினம்' என்று எழுதியிருந்தேன். குப்பத்துக்கு நேரில் போய்ப் பார்த்ததையும் மறக்காமல் குறிப்பிட்டிருந்தேன். அதனால் காகிதத்துக்குக் கூடுதல் மதிப்பு வந்தது. செயலாளர் படித்துவிட்டு, "இவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்களே," என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. நிம்மதியாக இருந்தது. வெட்கம் பிறகு வந்தது.

மதுராந்தகத்துக்காரன் வேலையில் சேர்ந்தான். நல்ல பையன், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அவன் போட்ட பந்துகளை நான் நன்றாகவே அடித்தேன்.

குப்பத்துக்காரன் ஒரு மாதம் கழித்துக் கம்பெனி வாசலுக்கு வந்தான். ஷிப்ட் விட்டு வெளியே வந்தபோது வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தான். பஸ் சார்ஜ் செலவழித்து இதற்காகவே வந்திருக்கிறான். கோபத்தோடு வந்திருப்பான் என்று நினைத்தேன். சண்டை போட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்துக்கொண்டே நடந்தேன். அவன் வணக்கம் வைத்தான்.

"வேல போனது போவட்டும் சார். எங்கண்ணன் கூடத்தான் போய்க்கினு கீறேன். அடுத்த வாட்டி வேற எடத்துல எடுக்கறப்ப போவணும். எங்கிட்ட இன்னா தப்பு கீதுன்னு நீ சொல்லு. மாத்திக்கிறேன்."

உன்னிடம் தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். காற்றில்லாத இடத்தில் பதினைந்து நாள் ஆடு என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தப்பு இல்லையென்றால் ஏன் எடுக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பந்து ரொம்பத் தாழ்வா வருதுப்பா. வேகம் வேற. ஒசரமா போடு. அடிக்கிறவனுக்கு டைம் குடு."

"எவ்ளோ ஒசரம் சார்?"

நான் அண்ணாந்து, வாசலில் இருந்த வேப்ப மரத்தின் முதல் கிளையைக் காட்டினேன். அவன் அந்தக் கிளையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தான். தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான்.

ஒரு வருடத்துக்கு மேல் அவனைப் பார்க்கவில்லை. அதற்குள் என் முழங்கால் எனக்குத் துரோகம் செய்துவிட்டது. உயரமான பந்துக்குக்கூட எகிற முடியாமல் போய், டீமிலிருந்து மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் ஓட்டலாம் என்று போட்ட திட்டம் பதினான்கு மாதத்தில் முடிந்தது. மதுராந்தகத்துக்காரன் சேர்ந்த அன்று எப்படி ஆடினானோ அப்படியே ஆடிக்கொண்டிருந்தான். எல்லா டீமும் அதற்குள் தாழ்வான, வேகமான பந்துக்கு மாறியிருந்தன. நாங்கள் எல்லோரிடமும் தோற்றோம்.

பொங்கல் சமயம் செய்யூரில் ஒரு போட்டி நடந்தது. பார்வையாளனாகப் போயிருந்தேன். குப்பத்து அணியும் வந்திருந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய டீமின் கோச், ஆள் எடுப்பதற்காக வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவருக்குப் பக்கத்தில் எனக்கும் நாற்காலி போட்டார்கள்.

குப்பத்துக்காரன் பந்தைத் தூக்கினான். அது மேலே போயிற்று. நெட்டுக்கு மேலே, வேப்ப மரத்தின் முதல் கிளை உயரத்துக்கு. அன்று காற்றும் பலமாக இருந்தது. அந்தக் காற்றிலும் பந்து நேராக ஏறி, நேராக இறங்கி, அடிப்பவனின் கைக்கு வந்தது. ஒன்றும் தவறவில்லை. மதுராந்தகத்துக்காரனால்கூட அந்தக் காற்றில் அப்படிப் போட முடியாது. குப்பத்து மணலில், அந்தப் பேய்க் காற்றில், பந்தை மூன்று ஆள் உயரத்துக்கு அனுப்பி இடம் தவறாமல் இறக்க அவன் எத்தனை நாள் பழகியிருப்பான் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் யாருக்கும் தேவைப்படாத ஒன்றை அவன் முழுசாகக் கற்றிருந்தான்.

பந்து இறங்கி வருவதற்குள் எதிர்ப்பக்கம் இரண்டு பேர் நிதானமாக நடந்து வந்து தடுக்க நின்றார்கள். அவர்களுடைய ஒல்லிப் பையன், அந்த வேகமான பையன், கீழே நின்று பந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். மூன்று செட்டில் தோற்றார்கள்.

"கை சுத்தம்," என்றார் மெட்ராஸ் கோச். "ஆனா பழைய ஆட்டம் சார். பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்கணும். இந்தக் கைய இனிமே மாத்த முடியாது."

மாற்ற முடியும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் கொடுத்தால் போதும் என்றும் தெரியும். அப்படிச் சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோச் வேறு ஒரு பையனின் பெயரைக் குறித்துக்கொண்டு எழுந்து போனார்.

ஆட்டம் முடிந்து அவன் நேராக என்னிடம் வந்தான். தோற்ற வருத்தம் முகத்தில் தெரியவில்லை. உடம்பெல்லாம் மண்.

"பாத்தியா சார்? நீ சொன்ன ஒசரம். இப்ப சரியா கீதா?"

அன்றைக்குத்தான் எனக்கு வெட்கம் வந்தது. எழுந்து நின்றேன்.

"பழையபடி தாழ்வாப் போடு," என்றேன். "வேகமாப் போடு. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

அவன் சிரித்தான். பெரியவர்கள் தங்களைத் தாழ்த்திக்கொண்டு பேசும்போது சிரிப்பார்களே, அப்படி.

"போ சார். நீ சொன்னப்பறம்தான் எனக்குக் கையே நின்னுது. எங்க பசங்ககூட ஒரு வருசமா இதத்தான் சொல்லிக்கினு கீறானுங்க, பழையபடி போடு, பழையபடி போடுன்னு. அவனுங்களுக்கு இன்னா சார் தெரியும்?"

தோழர்கள் தூரத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினான். நான் ஒரு முறைதான் சொன்னேன். கூப்பிட்டு இரண்டாவது முறை சொல்லவில்லை.